இங்க்ஸ்கேப்பில் வளைவு வரைய வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளை, திண்ணைத் தூண்களோடும் சாளர வளைவுகளோடும், இங்க்ஸ்கேப் மென்பொருளில் கோட்டோவியங்களாக வரைந்து வருகிறேன். அரைவட்டங்களில் சிக்கல் இல்லை. கால்வட்டத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்து, கைப்பிடியின் (வளைவின் போக்கை மாற்ற இழுக்கும் கோட்டின்) நீளத்தை ஆரத்தில் ஏறத்தாழ 0.55 மடங்காக வைத்தால் கண்ணுக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் தூணின் தலைப்பகுதியில் உள்வளைவு வெளிவளைவாக மாறும் இடத்தில், கணுவை (இரு துண்டுகள் சேரும் புள்ளியை) ஷிஃப்ட், எஸ் விசைகளை அழுத்தி மென்மையாக்கிய பிறகும், கோடு லேசாகப் புடைத்துத் தெரிகிறது. மாறும் புள்ளியிலேயே கணு வைக்க வேண்டுமா, அல்லது இருபுற உச்சிகளில் மட்டும் வைத்து நீண்ட கைப்பிடிகளால் இணைக்க வேண்டுமா? கணுக்களை வைத்தால் அவற்றின் வழியே வளைவைத் தானாக அமைக்கும் ஸ்பைரோ முறை வழவழப்பாகத்தான் வருகிறது. ஆயினும் ஒரு கணுவை நகர்த்தினால் அடுத்தடுத்த வளைவுகளும் அசைவதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. எழுத்துரு வடிவமைப்பில் பழகியவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.