கடல் கண்ணாடித் தோரணம்: ஒட்டிய சில்லுகள் கழன்று விழுகின்றன, உதவுங்கள்

தஞ்சோங் தோக்கோங் வாசி:
வணக்கம். பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி கடற்கரைகளில் பொறுக்கிய கடல் கண்ணாடிச் சில்லுகளை, அதாவது அலையில் உருண்டு மழுங்கிய உடைந்த புட்டித் துண்டுகளைக் கொண்டு வாசலுக்கு ஒரு தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குள் தொங்கவிட வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு சில்லின் தலையிலும் சிறிய பித்தளைத் தொப்பியை உடனடிப் பசையால் ஒட்டி, அதன் வளையத்தில் தூண்டில் நரம்பைக் கோக்கிறேன். ஒட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் அசைவதில்லை. சில நாள் வெயில் பட்டதும் தொப்பி மட்டும் நரம்பில் ஆடுகிறது, சில்லு தரையில் கிடக்கிறது. பச்சையும் பழுப்பும் விழுந்தால்கூட மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், வேறு கிடைக்கும். நேற்று விழுந்தது நீலம். ஓரம் பெயர்ந்துவிட்டது.

பசையைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலமும் பூக்கிறது. எந்தப் பசை வாங்கினால் நிற்கும்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
உடனடிப் பசையை விட்டுவிடுங்கள் தம்பி. இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்ஸிப் பசையை வாங்கிச் சம அளவு கலந்து ஒட்டுங்கள். என் வீட்டுச் சன்னலில் அப்படித்தான் தொங்குகிறது.

பட்டர்வொர்த் பட்டறை:
அக்கா சொல்வது சரி. ஆனால் எப்பாக்ஸி வாங்கப் போகும் முன் கழன்று விழுந்த ஒரு தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். காய்ந்த பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது? தொப்பிக்குள்ளா, கண்ணாடியின் மேலா? தொப்பிக்குள் இருந்தால் கண்ணாடிப் பக்கம் பிடிக்கவில்லை. கண்ணாடியில் இருந்தால் பித்தளைப் பக்கம் பிடிக்கவில்லை. மருந்து இரண்டுக்கும் வேறு.

அந்த வெள்ளைப் படலம் பசையைச் சுற்றி மட்டுமா, சில்லு முழுவதுமா என்பதையும் சொல்லுங்கள்.

தஞ்சோங் தோக்கோங் வாசி:
இப்போதுதான் பார்த்தேன் ஐயா. பசை முழுவதும் தொப்பிக்குள்ளேயே வில்லையாக இருக்கிறது. அதன் அடியில் மாவு போல நுண்ணிய தூள் ஒட்டியிருக்கிறது. பசையைச் சுற்றிய படலம் எல்லாவற்றிலும் உண்டு. சில சில்லுகளில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகவும் வெள்ளை தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய், காய்ந்ததும் திரும்புகிறது. தடிமனான வெளிர் நீலப்பச்சைச் சில்லுகள்தான் முதலில் விழுகின்றன.

பட்டர்வொர்த் பட்டறை:
அந்தத் தூளில் விடை இருக்கிறது. அது பெரும்பாலும் உப்பு. கடலில் பல ஆண்டுகள் உருண்ட கண்ணாடியின் மேல்தோல் வழவழப்பாக இருக்காது. மணலும் கல்லும் உராய்ந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்திருக்கும்; கடல்நீர் கண்ணாடியிலுள்ள சோடாவையும் சுண்ணாம்பையும் மெல்ல மெல்ல வெளியே இழுத்திருக்கும். அந்தப் பள்ளங்களில் உப்பு தங்கிவிடுகிறது. மேலாகக் கழுவினால் போகாது. நீங்கள் ஒட்டியது கண்ணாடியின் மேல் அல்ல, உப்பின் மேல். நம் ஊர்க் காற்றில் உப்பு ஈரத்தை இழுக்கும், வெயிலில் மறுபடி காயும். எந்தப் பசையானாலும் அங்கே நிற்காது.

நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போடுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு பல் துலக்கும் பழைய தூரிகையால் தேயுங்கள். சுண்ணாம்பு போல் கெட்டியாகப் படிந்திருந்தால் நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் போட்டு மறுபடி அலசுங்கள். முழுதாகக் காயட்டும். அவசரப்பட்டு அடுப்பில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். ஒட்டும் இடத்தை மட்டும் மருந்துக்கடை ஆல்கஹாலால் துடையுங்கள். அதன் பின் அங்கே விரல் படக்கூடாது. கண்ணாடி முழுவதும் சீராக மங்கியிருப்பது அதன் இயல்பு, அதைத் துடைத்து எடுக்க முயல வேண்டாம். பசைக்குப் பிடிமானம் தருவதே அந்தச் சொரசொரப்புதான்.

இனி பசை. சுற்றிலும் பூக்கும் படலம் உடனடிப் பசையின் ஆவி படிவதால் வருவது. அந்தப் பசை கெட்டியானதும் முறுகிவிடும், வளைந்து கொடுக்காது. வெயிலில் பித்தளை கண்ணாடியைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும்; தினமும் விரிந்து சுருங்கும்போது இணைப்பு விட்டுப்போகிறது. தடிமனான சில்லுகள் முதலில் விழுவதற்கு எடை ஒரு காரணம். வளைந்த முதுகில் தொப்பியின் விளிம்பு மட்டுமே தொடுவது இன்னொரு காரணம். உடனடிப் பசையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது, எப்பாக்ஸியால் முடியும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். 24 மணி நேரம் எடுக்கும் வகை வாங்குங்கள். தொப்பியின் உட்புறத்தை உப்புத்தாளால் கீறிவிடுங்கள். எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும், ஆகவே தொப்பிக்கு வெளியே வழியவிடாதீர்கள்.

கம்பிவேலை:
ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இது வாசல் தோரணம். கீழே பிள்ளைகள் ஓடுவார்கள். தடிமனான சில்லைப் பசையை மட்டும் நம்பித் தலைக்கு மேல் தொங்கவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 0.8 மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே வளையம் போடுங்கள். கம்பியைச் சில்லின் இடுப்பு போல் ஒடுங்கிய இடத்தில் பிடிக்க வைத்தால் நழுவாது. கடல் காற்றில் செம்பு கறுக்கும். எனக்கு அது அழகாகவே படுகிறது.

அந்த வெளிர் நீலப்பச்சை, கண்ணாடி செய்யும் மணலில் இயல்பாகவே இருக்கும் இரும்பால் வரும் நிறம். பழைய புட்டிகளில் அதிகம். அவ்வளவு தடிமன் என்றால் கோலி சோடாப் புட்டியாகக்கூட இருக்கலாம். ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டி, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது. கரையில் கண்ணாடிக் கோலி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

நீலம் தேடித் தெலுக் பஹாங்கிற்கு அப்பால் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்காதீர்கள். பந்தாய் கெராச்சுட் ஆமைகள் முட்டையிடும் கரை.

தஞ்சோங் தோக்கோங் வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஊறவைத்த நீரை ஒரு தட்டில் காயவிட்டேன். வெள்ளை வளையமாக உப்பு படிந்திருந்தது. மெல்லிய சில்லுகளை எப்பாக்ஸியில் ஒட்டினேன். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்த பிறகும் எதுவும் விழவில்லை. தடிமனானவற்றுக்குக் கம்பி கட்டுகிறேன். ஓரம் பெயர்ந்த நீலத்தில் மட்டும் துளையிட்டு, அதை நடுவில் தொங்கவிடலாமா?

பட்டர்வொர்த் பட்டறை:
பெயர்ந்த ஓரத்துக்கு அருகில் வேண்டாம், அங்கிருந்து விரிசல் ஓடும். எதிர் முனையில் விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இடுங்கள். வைரத்தூள் பூசிய துளைமுனை, குறைந்த வேகம், அடியில் மரத்துண்டு, கண்ணாடி நீருக்குள். மின்கலத்தில் ஓடும் கருவி மட்டுமே. மின்கம்பி செருகிய எதையும் நீருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அழுத்த வேண்டாம், கருவியின் எடையே போதும். பாதி ஆழம் போனதும் திருப்பிப் போட்டு மறுபுறமிருந்து துளையிடுங்கள். ஒரே பக்கமாகப் போனால் வெளியேறும் இடம் சிதறும். கண்ணாடித் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. கண்ணுக்குக் காப்பும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் தெறித்த சேற்றைக் காயும் முன் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

முதலில் ஒரு பழுப்புச் சில்லில் துளையிட்டுக் கை பழகட்டும். நீலத்தைப் பிறகு எடுங்கள்.