‘மீ பிஃபோர் யூ’ படிச்சவங்க, மனசை விட்டுப் போகாத அனுபவம் இருந்தா சொல்லுங்க

வேளச்சேரி வாசகி:
ஜோஜோ மோயஸ் எழுதின நாவல். விபத்துல கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு நாற்காலியில முடங்கின வில், அவனைக் கவனிச்சுக்க வர்ற லூ, கடைசியில ஸ்விட்சர்லாந்துல இருக்கற ஒரு இடத்துக்குப் போய் பிறர் உதவியோட அவன் தன் உயிரை முடிச்சுக்கறது. கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். நந்தனம் புத்தகக் கண்காட்சி. தம்பி சக்கர நாற்காலியில, மடியில அந்த நாவல். பைக் விபத்துல கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவன், வில் மாதிரியேதான். ஸ்டால்ல நின்ன ஒரு பெரியவர் என் காதுகிட்ட குனிஞ்சு, "ஏம்மா, இதைப் போய் அவருக்குக் குடுத்திருக்கீங்களே, முடிவு தெரியுமா?"ன்னார். தம்பிக்குத் தெளிவா கேட்டுச்சு. அவன் அதை எப்பவோ படிச்சு முடிச்சவன். பில் போடறவர் பக்கம் திரும்பி, எதிர்ல இருந்த சிறுகதைத் தொகுப்பு என்ன விலைன்னு மட்டும் கேட்டான்.

பெரியவர் நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா சொன்னது என்கிட்ட. நாவலும் அப்படித்தானே? லூ சொல்றா, நடுவுல வில்லோட அம்மா, அப்பா, நர்ஸ் நேத்தன், லூவோட தங்கச்சின்னு ஆளுக்கொரு அத்தியாயம். வில்லுக்கு? ஆரம்பத்துல அடிபடற வரைக்கும் கொஞ்சம், கடைசியில செத்த பிறகு ஒரு கடிதம். நடுவுல அவன் மனசுக்குள்ள நாம போகவே இல்ல. என்னால அதை மன்னிக்க முடியல.

பெரம்பூர்வாசி:
அக்கா, இதை ஒத்துக்க முடியல. பக்கவாதம் வந்த எங்கப்பாவுக்கு முதல் தடவை ஷேவ் பண்ணிவிட்டப்போ அவர் கண்ணை இறுக்க மூடிக்கிட்டார். தாடைக்குக் கீழ தோலை இழுத்துப் பிடிக்கணும், என் விரல் நடுங்குது. அவர் மூச்சு என் கையில படுது. அவ்வளவு கிட்டத்துல அவரை நான் பார்த்ததே இல்ல. லூ வில்லுக்கு ஷேவ் பண்ற இடம் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். கவனிச்சுப் பார்க்காம அப்படி எழுத வராது. ஒருத்தன் தனக்காக எடுத்த முடிவை எல்லாருக்குமான தீர்ப்பா ஏன் எடுத்துக்கணும்?

கே.கே.நகர் பிசியோ:
என்னிடம் சிகிச்சைக்கு வருபவரின் மனைவி இந்த நாவலின் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஸ்விட்சர்லாந்து இடம் நிஜமா சார்?" என்றார். அவர் கணவர் பக்கத்து மேஜையில் கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். நிஜம்தான் என்றேன். நம் நாட்டில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான் என்பதையும் சொன்னேன்.

வீட்டில் வில் மாதிரி தண்டுவடம் அடிபட்ட ஒருவர் இருந்தால் கவனிக்க வேண்டியது வேறு. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால், வால் எலும்பு மூன்றையும் தினம் பாருங்கள், சிவந்திருந்தால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம், அந்தப் பக்கம் பாரம் கூடாது. திடீரென்று தலைவலி, முகத்தில் வியர்வை என்றால் உடனே உட்கார வைத்து, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறும், உயிருக்கே ஆபத்து. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்கு வாருங்கள். வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் வாழ்க்கையையும் படியுங்கள்.

திருவல்லிக்கேணி:
டாக்டர் சார், நல்லது, ஆனா இங்க யாரும் புண்ணுக்கு மருந்து கேக்கல. பெரம்பூர்வாசி அண்ணா, உங்க ஷேவிங் கதை உண்மை, ஆனா அது பக்கத்துல நின்னவரோட கதை. நான் நாற்காலியில இருக்கறவ.

எனக்கு மறக்காதது நாவல்ல வர்ற குதிரைப் பந்தய மைதானம். சேத்துல சக்கரம் புதையுது, தள்ள லூ ஆள் தேடி அலையறா. மெரினா மணல்ல ரெண்டு பேர் என்னைத் தூக்கினப்போ துப்பட்டா சக்கரத்துல சிக்கி, நாலு பேர் வேடிக்கை பார்த்தாங்க. 2022 நவம்பர்ல அங்க சக்கர நாற்காலி போக நிரந்தரப் பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் சேதப்படுத்திருச்சு. சரிபண்ணப்புறம் நானே தள்ளிக்கிட்டு அலை வரைக்கும் போனேன், யாரையும் கூப்பிடல. வில்கிட்ட வேன், தனி இடம், நர்ஸ், பணம் எல்லாம் இருந்துச்சு. அந்த மைதானத்துல ஒரு மரப்பலகைப் பாதை இருந்திருந்தா அன்னைக்கு அவன் எப்படி வீடு திரும்பியிருப்பான்னு எழுதியிருக்கலாம்ல?