பஸ்கா விருந்தை வெளியில் சமைக்கச் சொல்லி வீட்டில் பரிமாறலாமா?

கேள்வி (மயிலாடுதுறை)

அமெரிக்காவில் வசிக்கும் என் மகளும், யூதரான மருமகனும், அவருடைய தாயாரும் எகிப்திலிருந்து யூதர்கள் வெளியேறியதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை நாட்களில் எங்கள் வீட்டில் தங்கவிருக்கிறார்கள். அங்கே உணவகங்களே அந்த விருந்தைச் சமைத்துக் கொடுத்துவிடுவதால், வாங்கி வந்து சூடாக்கிப் பரிமாறினால் போதுமாம். முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்க என்னால் இயலாது என்பதால், நானும் வெளியில் சொல்லி வாங்கலாமென எண்ணுகிறேன். ஆனால் சம்பந்தியம்மா கோதுமையை மட்டுமல்ல, அரிசியையும் பருப்பையும்கூட அந்த நாட்களில் தொடமாட்டாராம். இவை இல்லாமல் நம் பக்கத்துச் சமையற்காரர் என்னதான் செய்து தருவார்?

பதில் 1 (திருவாரூர்க்காரர், தற்போது நியூ ஜெர்சி)

அம்மா, பஸ்காவில் புளித்த மாவு கூடாது என்பதால், அடிப்படை விலக்கு கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒருவகைக் கோதுமை) ஆகிய ஐந்து தானியங்களுக்குத்தான். அரிசி, பருப்பு, மக்காச்சோளம், எள், கடுகு ஆகியவற்றைத் தவிர்ப்பது ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதக் குடும்பங்கள் பலவற்றில் பஸ்காவின்போதும் அரிசி உண்டு. அமெரிக்காவின் கன்சர்வேடிவ் யூதப் பிரிவைச் சேர்ந்த ரபிகளின் (மதகுருக்களின்) குழு 2015இல் அரிசியையும் பருப்பையும் அனுமதித்துவிட்டது என்றாலும், பழகிய வழக்கத்தை விடாதவர்கள் ஏராளம். சம்பந்தியம்மா யூதர்களின் உணவு விதிகளான கோஷர் முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவரா என்பதை முதலில் மருமகனிடம் கேளுங்கள். அப்படியானால் நம் ஊர்ச் சமையற்கூடம் எதுவும் அவருக்கு ஒத்துவராது. முத்திரையிட்ட உணவை அவர்களே கொண்டுவருவதுதான் வழி. எப்படியாயினும் மாட்ஸா என்னும் புளிப்பில்லா அப்பத்தை அவர்களையே எடுத்துவரச் சொல்லுங்கள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள், அதற்கென உள்ள மேற்பார்வையில் சுட்டெடுப்பது அது. நம் சப்பாத்தியும் புளிக்காத மாவுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேட்டவர்

மருமகனிடம் பேசினேன். அவ்வளவு கண்டிப்பு இல்லையாம். விலக்கிய பொருள்கள் சேராமல், சுத்தமான பாத்திரத்தில் சமைத்தால் போதும் என்கிறார்.

பதில் 2 (கும்பகோணம், கல்யாணச் சமையல்)

அப்படியானால் உணவகத்தை நாடாதீர்கள், அம்மா. நம் பக்கத்து உணவகங்கள் பெரும்பாலானவற்றில் இரவில் டிபன்தான்; பரோட்டா போட்ட கல்லும், பஜ்ஜி பொரித்த எண்ணெயும் எல்லாவற்றிலும் புகுந்துவிடும். தனியாகச் சமைத்துத் தரும் ஒருவரிடம் சொல்லுங்கள். சேனை மிளகு வறுவல், வாழைத்தண்டுக் கறி, பருப்பில்லாமல் தேங்காய் அரைத்துவிட்ட பூசணிக்காய்க் கூட்டு, சோற்றுக்குப் பதிலாக வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு என்று தாராளமாகவே செய்யலாம். சிக்கல் முழுவதும் தாளிப்பில்தான் இருக்கிறது. கடுகும் உளுத்தம்பருப்பும் கூடாது என்று சொன்னால் எவருக்கும் புரிந்துவிடும். பெருங்காயத்தை மட்டும் யாரும் நினைக்கமாட்டார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருப்பது வழக்கம், டப்பாவின் பின்புறம் பாருங்கள். நல்லெண்ணெய் எள்ளில் ஆட்டியது என்பதால் தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகாய் வற்றலும் தாளித்தால் போதும். பாயசத்துக்கு ஜவ்வரிசி போடலாம். நம் ஊரில் கிடைப்பது மரவள்ளி மாவில் செய்ததுதான்.

பதில் 3 (நாகப்பட்டினம்)

கோஷர் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியை அவர்கள் விலக்கக்கூடும் என்பதால் ஆட்டுக்கறியையும் கோழியையும் விட்டுவிடுங்கள். துடுப்பும் செதிலும் உள்ள மீனுக்குத் தடையில்லை. கெண்டை, கட்லா, விரால் எல்லாம் ஆகும், கெளுத்தியும் இறாலும் நண்டும் ஆகா. ஐரோப்பிய யூதர்களின் பண்டிகை மீன் உருண்டைக்கும் கெண்டை இனம்தான் பேர்போனது. வறுக்கும் மசாலாவில் சோளமாவு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விருந்துத் தட்டில் வைக்கும் பொருள்களை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம்: வேகவைத்துச் சுட்ட முட்டை, உப்புத் தண்ணீரில் தோய்க்க உருளைக்கிழங்கு, பேரீச்சையும் பாதாம் போன்ற கொட்டைகளும் அரைத்த இனிப்பு விழுது. தட்டில் வைக்க வேண்டிய சுட்ட ஆட்டெலும்புக்குப் பதில் சுட்ட பீட்ரூட் வைப்பவர்களும் உண்டு. தட்டில் கசப்பான கீரை ஒன்றும் வைக்க வேண்டும், அதற்கு லெட்யூஸ் போதும். காரமாக இருக்கிறதே என்று முருங்கை வேரைத் துருவி வைக்காதீர்கள், அதில் நச்சுப் பொருள் உண்டு. விருந்தில் அருந்தும் ஒயினுக்குப் பதிலாகத் திராட்சைச் சாற்றையும் ஏற்பார்கள்.

பதில் 2 (மீண்டும்)

நேரத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். இருட்டிய பிறகு எகிப்திலிருந்து வெளியேறிய வரலாற்றை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் உண்ண உட்காருவார்கள் என்பதால், ஏழு மணிக்கே சாப்பாடு வந்திறங்கினால் பயனில்லை. எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பங்குனிப் புழுக்கத்தில் தேங்காய்க் கூட்டு சீக்கிரம் ஊசிப்போகும், ஆகவே தேங்காயை மாலையில் அரைக்கட்டும். வறுவலைச் சூட்டோடு மூடி வைத்தால் நமுத்துவிடும். வாழையிலை விரித்த அகலத் தாம்பாளத்தில் திறந்தே அனுப்பச் சொல்லுங்கள்.