ஓலைப் பெட்டியில் கரும்புள்ளி, கையில் ரோஸ் சாயம்: ஜனவரி கல்யாணத்துக்குள் சரி செய்ய முடியுமா?

வடகடல் (தங்கச்சிமடம்), டிசம்பர் 2

அக்கா மகளுக்கு ஜனவரி கடைசியில் கல்யாணம். வருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் டப்பா கொடுக்க வேண்டாம், மூடி போட்ட சின்ன ஓலைப் பெட்டியில் சில்லுக் கருப்பட்டி வைத்துக் கொடுக்கலாம் என்று நானும் அம்மாவும் ஆகஸ்டிலேயே முடைய ஆரம்பித்தோம். 150 பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. வெள்ளை ஓலையில் ரோஸும் பச்சையும் ஊடாக வரும்.

அக்டோபர் நடுவில் முடித்து, தூசி படக் கூடாது என்று பெரிய பாலிதீன் சாக்கில் போட்டு வாயைக் கட்டி அலமாரி மேல் வைத்தோம். நேற்று பிரித்தால் மேலே இருந்தவற்றில் சாம்பல் நிறப் பொடி. அடியில் இருந்தவற்றில் கரும்புள்ளி. தொட்டால் பிசுபிசுவென்று இருக்கிறது. ரோஸ் கையில் ஒட்டுகிறது.

செய்த முறை: சாயல்குடி பக்கமிருந்து வந்த குருத்தோலை. ஈர்க்கு எடுத்து, கிழித்து, மொட்டை மாடியில் காய வைத்தோம். பாய்க்குப் போடுகிற சாயப்பொடி. சாயம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று பானைக்கு இரண்டு கை கல் உப்பு. அவித்து, எடுத்து, ஒரு தடவை போர் தண்ணீரில் அலசிக் காய வைத்தோம்.

அம்மாவுக்கு 67 வயது. பெட்டிகளைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வார்னிஷ் அடித்தால் சரியாகுமா? கழுவலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்குச் செய்யும் குருத்தோலை நட்சத்திரங்களும் காயக் காய முறுக்கிக்கொள்கின்றன. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

—

முடைச்சல் (கீழக்கரை), டிசம்பர் 2

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பூசினால் அது வெளியேற வழி இல்லாமல் போகும். வாடையும் கருப்பட்டியில் ஏறிவிடும்.

முதலில் எல்லாப் பெட்டியையும் சாக்கிலிருந்து வெளியே எடுங்கள், மூடியைக் கழற்றி வையுங்கள். எங்கள் உம்மா ஓலைச் சாமான்களை ஒருநாளும் பாலிதீனில் கட்ட விட மாட்டார்கள். பழைய வேட்டித் துணியில்தான் மூட்டை. ஓலைக்கு மூச்சு விட வேண்டும் என்பார்கள்.

சாம்பல் பொடி ஓலைக்கு மேலே இருப்பது, போய்விடும். வாசலில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தப் பொடி மற்றப் பெட்டிகளில் போய் உட்காரும். கரும்புள்ளி ஓலைக்குள் இறங்கிவிட்டது. பூஞ்சை செத்தாலும் அதன் கறை நிற்கும். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், தேய்த்துத் தேய்த்து ஓலையைக் கிழித்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மாடி எந்தப் பக்கம் பார்த்தது?

—

வடகடல், டிசம்பர் 2

வடக்கே, கடலைப் பார்த்து. கரை இருநூறு அடிகூட இருக்காது. இப்போது வாடைக் காற்றில் மாடிக் கைப்பிடிக் கம்பியில் உப்புப் பூத்து நிற்கிறது.

—

உப்பளத்து ஆள் (வாலிநோக்கம்), டிசம்பர் 3

அக்கா, உங்கள் பெட்டிக்குள் உப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பிசுபிசுப்பு என்ற ஒரு சொல்லே எனக்குப் போதும்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது அதற்கும் குறைவான ஈரத்திலேயே இழுக்கும். மழைக்காலத்தில் நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் 75-க்கு மேலேதான் நிற்கும். உப்பு அம்பாரம் (குவியல்) மூடிய பனை ஓலையில் உப்புப் பட்ட அடிப் பகுதி எப்படி நசநசவென்று இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் பெட்டியில் மூன்று வழியாக உப்பு ஏறியிருக்கிறது: சாயப் பானையில் போட்டது, போர் தண்ணீரில் இருப்பது, மாடியில் காற்று கொண்டுவந்தது. பகலில் எவ்வளவு காய வைத்தாலும் ராத்திரி அது திரும்ப நனைந்துவிடும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மிச்சம் கிடக்கும் சாய ஓலையில் ஒரு பிடி, சாயம் போடாத ஓலையில் ஒரு பிடி. தனித்தனி டம்ளரில் குடிதண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். அந்தத் தண்ணீரைத் தனித்தனி எவர்சில்வர் தட்டில் ஊற்றி அடுப்பில் வற்ற விடுங்கள். தட்டில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

—

குருத்தோலை (ஓரியூர்), டிசம்பர் 3

எனக்கு ஒரு சந்தேகம். உப்புப் போட்டால் கெடாது என்றுதானே கருவாடு போடுகிறோம்? உப்பு எப்படிப் பூஞ்சையைக் கொண்டுவரும்?

—

உப்பளத்து ஆள், டிசம்பர் 3

நல்ல கேள்வி. கருவாட்டில் உப்பு அள்ளிப் போடுகிறோம், அந்த அளவில் பெரும்பாலான கிருமி பிழைக்காது. அப்படியும் ஐப்பசி கார்த்திகையில் கருவாடு நசநசத்துப் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையில் நிற்பது கொஞ்ச உப்பு. பூஞ்சையைக் கொல்லப் போதாது, ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கப் போதும்.

—

பனங்காடு (சாயல்குடி), டிசம்பர் 4

உப்புக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கும். ஓலை வெளியே மொடமொடப்பாக இருந்தாலும் முடைவதற்கு முன் ஈரத் துணியில் சுற்றிப் பதமாக்கியிருப்பீர்கள். முடைந்த பின் பின்னலுக்குள் ஓலை இரண்டு மடிப்பு, விளிம்பில் மூன்று நான்கு மடிப்பு. அந்த விளிம்பு காயக் கூடுதலாக இரண்டு மூன்று வெயில் வேண்டும். அக்டோபரில் முடித்து உடனே கட்டிவைத்தால் விளிம்பில்தான் முதலில் கறுக்கும். பாருங்கள், புள்ளி அதிகம் விளிம்பில்தானே?

—

வடகடல், டிசம்பர் 5

ஆமாம், விளிம்பில்தான் அதிகம். மூடியும் பெட்டியும் உரசுகிற இடத்தில்.

தட்டுச் சோதனை செய்தேன். சாயம் போடாத ஓலைத் தட்டில் மஞ்சளாக லேசான கறை. சாய ஓலைத் தட்டில் ரோஸ் நிறத்தில் உப்புப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் வருகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்தான் இன்னொரு கை போடச் சொன்னேன்” என்றார்கள்.

இப்போது அலச வேண்டும் என்பது புரிகிறது. எதில் அலசுவது? போர் தண்ணீர் உப்பு. காவிரித் தண்ணீர் குடத்துக்கு எண்ணித்தான் கிடைக்கிறது. 150 பெட்டியை மூன்று தடவை அலசினால் வீட்டுக்குக் குடிக்க இருக்காது.

—

முடைச்சல், டிசம்பர் 5

மழைத் தண்ணீர் பிடியுங்கள்! கார்த்திகை மழை இன்னும் இருக்கிறது. முதல் பத்து நிமிட மழை கூரையையும் காற்றையும் கழுவட்டும், அதை விட்டுவிட்டு அப்புறம் வருவதை டிரம்மில் பிடியுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் இந்தக் கரையில் கிடைக்காது.

அலசும் முறை, எங்கள் வீட்டில் செய்வது: பூஞ்சைப் பொடியைத் தட்டிய பின், வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு உள்ளும் வெளியும் துடைத்து அரை மணி விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடாது, சாயம் திட்டுத் திட்டாகப் போய்விடும். பிறகு மழைத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். தண்ணீரை மாற்றி மூன்று தடவை. ஒரே மாதிரி நிறம் உள்ளவற்றை ஒன்றாகப் போடுங்கள். பிழியாதீர்கள். எடுத்ததும் பழைய துணியால் ஒற்றி, உள்ளே அளவுக்குத் தக்க ஒரு கட்டையோ டம்ளரோ வைத்தால் உருவம் கோணாது.

காய வைப்பது வீட்டுக்குள். மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், அலசியது வீணாகும். கயிற்றுக் கட்டிலில் பரப்பி ஃபேன் ஓட விடுங்கள். மூன்று நாள் ஆகலாம். மூடியைத் தனியே காய வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைக்காதீர்கள். பத்துப் பெட்டி செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

—

பனங்காடு, டிசம்பர் 5

காய்ந்ததா என்று கையால் பார்த்தால் ஏமாற்றும். சமையல் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்தது.

நட்சத்திரத்துக்கு: பச்சைக் குருத்தில் மடித்தால் காயும்போது ஓலை சுருங்கும், முறுக்கத்தான் செய்யும். குருத்தை முதலில் நிழலில் முழுதாகக் காய வையுங்கள். பிறகு ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்து மடியுங்கள். மடித்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக் குழவி மாதிரி ஏதாவது கனம் ஏற்றுங்கள். ஒரு ராத்திரி போதும்.

—

கடலோரம் (மண்டபம்), டிசம்பர் 6

கரும்புள்ளி மறைய சிப்பி, சோழி, பவளத் துண்டு ஒட்டலாமே? கடற்கரையில் பொறுக்கினால் காசும் இல்லை. பார்க்கவும் நம் ஊர்ப் பரிசாக இருக்கும்.

—

டீச்சர் (தொண்டி), டிசம்பர் 6

பவளம் வேண்டாம் தம்பி, செத்த துண்டாக இருந்தாலும் வேண்டாம். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை இவை 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. சில சங்கு வகைகளும் சோழிகளும்கூட அதில் உண்டு. வைத்திருப்பதும் விற்பதும் கொடுப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கவே கூடாது. பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் தெரியாமல் கொண்டுவருவதை நான் ஒவ்வொரு வருடமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணப் பரிசு ஊர் ஊராகப் போகும் பொருள். அதில் இந்த வம்பு வேண்டாம்.

சாதாரண மட்டிச் சிப்பி ஒட்டலாம். அதையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக்கிவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் ஓலைக்கு மறுபடியும் உப்பு வந்துவிடும்.

எனக்கென்னவோ சிப்பியைவிட, விளிம்பைச் சுற்றிப் புதுசாக ஒரு ஓலை நறுக்கு வைத்துப் பொத்திவிடுவது அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. புள்ளியும் விளிம்பில்தானே இருக்கிறது.

—

வடகடல், டிசம்பர் 14

நேற்று முன்தினம் வரை எழுத நேரம் இல்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

7-ஆம் தேதி நல்ல மழை. இரண்டு டிரம் பிடித்தோம். பத்துப் பெட்டி அலசினோம். ஒரு பெட்டி அலசும் முன் பகல் முழுக்க ஃபேனில் இருந்து 48 கிராம், மழை ராத்திரி திறந்து வைத்துக் காலையில் நிறுத்தால் 55. அதே பெட்டியை அலசிக் காய வைத்த பின் 45, அடுத்த மழை ராத்திரி கழித்து 48. பிசுபிசுப்பு இல்லை. பெட்டியைத் தட்டினால் பழையபடி ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மீதியையும் கொண்டுவா என்றார்கள்.

இதுவரை 104 முடிந்தது. 27 பெட்டியில் விளிம்புக் கறுப்பு அப்படியே இருக்கிறது. டீச்சர் சொன்னபடி பச்சை நறுக்கு வைத்துப் பொத்திப் பார்த்தோம். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம் போல இருக்கிறது, அவ்வளவு நன்றாக அமைந்தது. நட்சத்திரங்களும் முறுக்காமல் நிற்கின்றன, கோவில் குடிலுக்கு ஆறு கொடுத்தாகிவிட்டது.

ரோஸ்தான் இன்னும் அடங்கவில்லை. பச்சை மூன்றாம் தண்ணீரிலேயே தெளிந்தது. ரோஸ் ஐந்தாவது தண்ணீரிலும் விடுகிறது. உள்ளே கருப்பட்டி வைக்கப் பயமாக இருக்கிறது.

—

முடைச்சல், டிசம்பர் 14

முன்னே 48-லிருந்து 55, இப்போது 45-லிருந்து 48தான்! படித்ததும் எனக்கே நிம்மதி.

அந்த ரோஸோடு சண்டை போடாதீர்கள். இதற்கு மேல் நனைத்தால் ஓலை நைந்துவிடும். அது தின்கிற பொருளுக்கான சாயம் இல்லை, கொஞ்சம் விட்டாலும் கருப்பட்டியில் படக் கூடாது. கருப்பட்டியும் ஈரம் இழுக்கும் சாமான், ஓலையில் நேரே பட்டால் இரண்டும் கெடும். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, அதைச் சின்ன மூடுகிற கவரில் போட்டு, அப்புறம் பெட்டியில் வையுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வைத்தால் போதும், இப்போதே நிரப்பாதீர்கள்.

அதுவரை பெட்டிகளைத் துணி மூட்டையில், தரையில் படாமல், சமையல் அறைப் பக்கம் வையுங்கள். வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

—

பனங்காடு, டிசம்பர் 15

இனிமேல் முடைவதாக இருந்தால் சாய ஓலையை வெளி விளிம்புக்கு மட்டும் வையுங்கள், உள்ளே வெள்ளை ஓலை. சாயப் பொடிக்கு உப்பு வேண்டுமா வினிகர் வேண்டுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு பொடிக்கும் வேறு. எதைப் போட்டாலும் தண்ணீர் தெளியும் வரை அலசுவது, முடைவதற்கு முன்னால். முடைந்த பின் அலசுவது இரட்டை வேலை.

—

வடகடல், டிசம்பர் 15

சரி. அக்காவிடம் பேசிவிட்டேன். ரோஸ் அதிகம் உள்ள 19 பெட்டியைக் கருப்பட்டிக்கு வைக்காமல் தனியே எடுத்து, பெண்ணுக்கு வளையல், ஊக்கு, ஹேர்பின் போட வைத்துக்கொள்கிறோம். அந்த 19-க்கு மட்டும் புதுப் பெட்டி முடைய வேண்டும், காய்ந்த ஓலை அம்மாவிடம் இருக்கிறது. இன்று இரவு மழை வரும் என்கிறார்கள். டிரம்மைக் கழுவிக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டேன்.