மாமரத்த எப்ப கவாத்து பண்ணணும்? கார்த்திகைல வெட்டி பூவே வரல

திண்டுக்கல்_வீட்டுத்தோட்டம்:
வணக்கம் நண்பர்களே, வீட்டுக்குப் பின்னாடி ஒரு பங்கனபள்ளி ஒட்டு மரம், வச்சு 9 வருஷம் ஆச்சு. மொட்டைமாடிக்கு மேல போயிருச்சு, நடுவுல ஒரே இருட்டு, காய் எல்லாம் உச்சிலதான் புடிக்குது. போன கார்த்திகைல மழைக்காத்துக்கு கிளை விழுந்துரும்னு பயந்து ஆள் விட்டு வெட்டுனோம், தை மாசம் ஒரு பூ இல்ல, தளதளன்னு தளிர் மட்டும் வந்துச்சு. அதுல ஒரு பெரிய கிளை பாதி அறுக்கும்போதே முறிஞ்சு அடிமரத்துப் பட்டைய ஒரு முழம் உரிச்சிட்டு விழுந்துச்சு, அங்க இப்ப பிசின் வடியுது. அம்மா கையால வச்ச மரம், எப்படியாவது காப்பாத்தணும்.

தோப்புக்காரர்_பெரியகுளம்:
தம்பி, மா முத்துன கிளையோட நுனிலதான் பூக்கும். கார்த்திகைல நீங்க வெட்டி எறிஞ்சது பூக்க ரெடியா இருந்த நுனிய, அதுக்கப்புறம் வர்ற தளிர் முத்த மாசக்கணக்குல ஆகும், தைக்குள்ள எப்படி பூக்கும்? காய் பறிச்ச கையோட, ஆடி ஆவணிக்குள்ள முடிச்சிரணும். முதல்ல காஞ்சது, நோய் புடிச்சது, ஒன்னோட ஒன்னு உரசுறது, அப்புறம் நடுவுல நேரா மேல போற கிளை ஒன்னு ரெண்டு, உச்சி வெயில் அடிமரத்துல விழுந்தா போதும். ஒரே வருஷத்துல மொட்டை அடிச்சிராதீங்க, நாலுல ஒரு பங்குக்கு மேல வேணாம், மிச்சம் அடுத்த வருஷம். பிசின் வடியற இடத்துல மரத்தூள் கொட்டிக்கிடக்கா, ஓட்டை தெரியுதான்னு பாருங்க, தண்டுத்துளைப்பான் இருந்தா கம்பிய விட்டு புழுவ எடுத்துரணும்.

மாடிவீட்டு_அக்கா:
பட்டை உரிஞ்சதுக்கு காரணம் மேல இருந்தே அறுத்ததுதான். பெரிய கிளைய மூணு வெட்டா வெட்டணும் தம்பி. அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கம் கால்வாசி அறுங்க, அதுக்கு கொஞ்சம் வெளிய தள்ளி மேல இருந்து அறுத்தா கிளை சுத்தமா விழுந்துரும், கடைசியா மிச்ச கட்டைய எடுங்க. கிளை மரத்தோட சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி தடிப்பு இருக்கும், அதத் தொடாம அத ஒட்டி வெட்டுங்க, அதுல இருந்துதான் புதுப்பட்டை வளந்து காயத்த மூடும். கட்டை நீட்டிக்கிட்டு இருந்தா அழுகி உள்ள இறங்கிரும்.

திண்டுக்கல்_வீட்டுத்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க ஐயா, அக்கா. வெட்டுன இடத்துல சாணி பூசலாமா?

தோப்புக்காரர்_பெரியகுளம்:
நாங்க போர்டோ பசைதான் பூசுறோம், காயத்துல பூஞ்சாணம் புடிக்காம இருக்க. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணில, சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல, தனித்தனியா பிளாஸ்டிக் வாளில கரைச்சு ஆறவிட்டு ஒன்னா ஊத்தி கலக்குங்க, இரும்பு பாத்திரம் ஆகாது. கத்திய முக்கிப் பாருங்க, செம்பு நிறம் ஏறுனா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். அன்னிக்கே பூசிருங்க, வச்சிருந்தா வேலைக்கு ஆகாது.

திண்டுக்கல்_வீட்டுத்தோட்டம்:
இப்பதான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன் ஐயா, பிசினுக்குக் கீழ ரெண்டு ஓட்டை, தூள் கொட்டியிருக்கு. காலைல கம்பியோட இறங்குறேன்.