8000 ரூபாய்க்குள்ள டெய்லி யூஸ்க்கு சின்ன கேமரா, வாங்கலாமா? போனே போதுமா?

கோல்கீப்பர்_வியாசை
மக்களே ஒரு ஹெல்ப்பு. வியாசர்பாடில நம்ம ஏரியா பசங்களுக்கு சாயங்காலம் ஃபுட்பால் சொல்லித் தர்றேன். பசங்க ஆடுறது, ஞாயித்துக்கிழம மேட்ச்சு, வூட்டு விசேஷம், காசிமேடு போனா மீன் ஏலம், இதெல்லாம் எடுக்க சட்டப் பாக்கெட்ல போடுற மாதிரி ஒரு டிஜிட்டல் கேமரா வேணும். பட்ஜெட் 8000, அதுக்கு மேல போனா எனக்கு வூட்ல சோறு கெடையாது. பழசா இருந்தாலும் ஓகே. போன்ல எடுத்தா கோல் போஸ்ட்டாண்ட நிக்கிற பையன் எறும்பு மாதிரி தெரியறான், பெருசு பண்ணா மூஞ்சி மெழுகு பொம்ம மாதிரி ஆயிடுது.

ராயபுரம்_ரயிலடி
எதுக்குப்பா இந்த வேண்டாத செலவு. நீ சொல்ற ரேட்டுக்குக் கெடைக்கிற கேமராலாம் 1/2.3 இன்ச் சென்சாரு, அதாவது உள்ள வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு, அதோட அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான், இப்ப வர்ற சுமாரான போன்லயே மெயின் சென்சாரு அதவிட பெருசா வருது. அதுக்கு மேல போனு பல ஃபோட்டோவ ஒண்ணா சேத்து இருட்டுலயும் பளிச்னு குடுக்குது. அந்த 8000த்த வச்சி பசங்களுக்கு ரெண்டு நல்ல பந்து வாங்கிக் குடு.

பழைய_ரோலு
அண்ணே, அவரு கேட்டது தூரத்துல நிக்கிற பையன, நீங்க சொல்றது சென்சாரு சைஸ. போன்ல விரலால இழுத்து பெருசு பண்றது ஜூம் இல்ல, இருக்கற படத்த கத்திரிக்கோல் போட்டு வெட்றது. சோனி டபிள்யூ800 எடுத்துக்கோங்க, 2014ல வந்தது, லென்ஸே நகந்து 5 மடங்கு கிட்ட கொண்டாரும். கேனன் இக்ஸஸ் 185னா 8 மடங்கு. செகண்ட் ஹேண்ட்ல பொறுமையா தேடுங்க, அவசரப்பட்டா விக்கறவன் ரேட்ட ஏத்துவான்.

ராயபுரம்_ரயிலடி
சரி, மீதிய யாரு சொல்லுவா? அதே டபிள்யூ800 ஜூம் பண்ணாதப்ப எஃப் 3.2, ஃபுல்லா ஜூம் பண்ணா எஃப் 6.4, இந்த நம்பர் ஏற ஏற லென்ஸோட வாய் சின்னதாவும். அப்டின்னா உள்ள வர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்கு. அவரு சொல்லித் தர்றது சாயங்காலம், ஆறு மணிக்கு ஓடுற பையன அதுல ஜூம் பண்ணி எடுத்துப் பாரு, ஒண்ணு புள்ளி புள்ளியா வரும் இல்ல பேய் ஓடுற மாதிரி வரும். மெழுகுக்குத் தப்பிச்சி பேய்கிட்ட மாட்டுவான்.

பழைய_ரோலு
ஆறு மணி மேட்டர் கரெக்ட்டு, அத ஒத்துக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழம மேட்ச்சு வெயில்ல தான ஆடுவாங்க, அங்க நீங்க கெலிக்க முடியாது. அப்புறம் கோல்கீப்பர் அண்ணே, சாயங்காலம்னா ஜூம தொடாதீங்க, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கோங்க, பந்து வர்றதுக்கு முன்னாடியே பட்டன பாதி அமுக்கி ஃபோகஸ வச்சிருங்க, வந்ததும் மீதி பாதி. அந்தக் காலத்து கேமராலாம் அமுக்குன அப்புறம் யோசிச்சிதான் எடுக்கும், பந்து வலைக்குள்ள போயி வெளிய வந்துரும்.

அத்தோ_பிளேட்டு
நைனா இன்னா ரெண்டு பேரும் நம்பராவே பேசிகினு கீறீங்க. எங்கத கேளு. பஜாருல ஒரு கடைல, பேரு வாணாம், தளதளன்னு ஒரு பழைய சோனி, 2500 துட்டுக்கு சோக்கா கீதேன்னு வாங்கிகினு வூட்டுக்கு வந்து கார்டு போடுறேன், பூரவே மாட்டேங்குது. அப்பாலதான் தெர்து, 2010க்கு முன்னாடி வந்த சோனிக்கு மெமரி ஸ்டிக்குதானாம், எஸ்டி கார்டே ஏறாதாம். அந்த ஸ்டிக்கு தேடி நாலு நாளு அலைஞ்சேன், கெடச்சப்ப பேட்டரி உப்பி மூடி தொறக்கல. திருப்பிக் குடுக்கப் போனா கடக்காரன் என்ன பாத்ததே இல்லன்ற மாதிரி டீ குடிச்சிகினு கீறான். பழைய ஃப்யூஜி, ஒலிம்பஸ்ல எக்ஸ்டி கார்டுன்னு இன்னொரு பேஜாரு கீது, அதாண்டையும் போவாத.

மிண்ட்_பொண்ணு
பழசுன்னா சிசிடின்னு அந்தக் காலத்து வகை சென்சாரு பாத்து வாங்குங்க அண்ணா, அந்தக் கலரு போன்ல வராது. எங்க அக்கா வளைகாப்புக்கு நான் இக்ஸஸ்லதான் எடுத்தேன், ஃப்ளாஷ் அடிச்சதுல வளையல் ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னுது, பசங்க ஓடுனாலும் அப்டியே நின்ன மாதிரி விழுந்துச்சி.

ராயபுரம்_ரயிலடி
சிசிடில ஒரு மாயமும் இல்ல தங்கச்சி, கலர முடிவு பண்றது அந்தக் கம்பெனி உள்ள போட்ட ப்ராசஸிங். ஃப்ளாஷ் மேட்டர்ல நீ சொல்றது சரி, அது செனான் ஃப்ளாஷ், கண் இமைக்கறதுக்குள்ள பளிச்னு அடிச்சி அணைஞ்சிரும், அதான் ஓடுற புள்ள கூட நிக்குது. போன்ல இருக்கறது சின்ன டார்ச்சு. ஆனா அந்த ஃப்ளாஷு மூணு நாலு மீட்டருக்கு மேல போவாது, கிரவுண்டுல வேலைக்கே ஆவாது.

மிண்ட்_பொண்ணு
வளைகாப்புக்கு ஆச்சில்ல அண்ணா. விசேஷமும்னுதான கேட்டாரு.

பழைய_ரோலு
இன்னொண்ணு, அண்ணன் காசிமேடும் போறேன்றாரு. வெளிய நீண்டு உள்ள போற லென்ஸுக்கு கடல் காத்தும் மணலும் எமன். ஒரு மணல் துணுக்கு மாட்டுனா கர்ர்னு ஒரு சத்தம், லென்ஸ் எரர்னு எழுத்து, கத முடிஞ்சிது. வாங்கப் போறப்ப சார்ஜ் ஏத்துன கார்டு... ச்ச, சார்ஜ் ஏத்துன பேட்டரி கேளுங்க, உங்க கார்டு கையோட கொண்டு போங்க, 2011க்கு முந்துன மாடல்னா 32 ஜிபிக்கு மேல வாணாம். பத்து தடவ ஆன் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் ஃபுல் ஜூம் வச்சி வானத்த ஒரு ஃபோட்டோ எடுங்க, உள்ள தூசி இருந்தா சாம்பல் கலர்ல பொட்டு தெரியும்.

கோல்கீப்பர்_வியாசை
இன்னிக்கி போய்ட்டு வந்தேன். மூர் மார்க்கெட்ல மொத ரெண்டு கேமராலயும் வானத்துல பொட்டு, கடக்காரரு அது காக்கான்றாரு. மூணாவது ஒரு டபிள்யூ800, செவப்பு கலரு, மூலைல பெயிண்ட் போயிருக்கு, வானம் சுத்தம், 5200க்கு முடிச்சேன். ஆன் பண்றப்ப எல்லாம் தேதி கேக்குது, உள்ள இருக்கற சின்ன பேட்டரி போச்சு போல. சாயங்காலம் போஸ்ட்டுக்குப் பின்னாடி உக்காந்து எடுத்தேன், நாப்பதுல ஆறு தேறுச்சு, மீதி ரயிலடி அண்ணன் சொன்ன பேய்தான். ஆனா ஒண்ணுல கீப்பர் பையன் டைவ் அடிக்கறான், கைக்கும் பந்துக்கும் ஒரு ஜான். அத அவன் ஆத்தாகிட்ட காட்டுனா, இவன் முட்டி பேண்டு கிழிஞ்சிருக்கேன்னு கேக்குது.

ராயபுரம்_ரயிலடி
மீதி 2800 இருக்குல்ல, பந்து வாங்கு.

அத்தோ_பிளேட்டு
நைனா அந்த காக்கா கட எதுன்னு மட்டும் சொல்லு, எங்கிட்ட ஒரு சோனி கீது, விக்கணும்.