"கறுப்பினத்தவர்கள் தடுப்பூசிக்குப் பயந்தவர்கள்" – அப்படியா? பார்த்ததை எழுதுங்கள்

ஸ்காபரோக்காரி:
2021 ஏப்ரல், கனடாவின் ரொறன்ரோ. எங்கள் தபால் குறியீடு கொரோனா அதிகம் பரவும் ஹொட்ஸ்பொட் இடங்களின் பட்டியலில் ஏறி, 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்த நேரம். அந்த வரிசைகள் உங்களுக்கும் ஞாபகமிருக்கும். என்னோடு பொதி கட்டுகிற ஜமேக்கா அக்கா இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார். கால் வீங்கிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டி மட்டையை விரித்து அதன்மேல் நின்றார். பதினொரு மணிக்கு, எங்களுக்கு ஐந்தாறு பேர் முன்னால் ஒருவர் கையை நீட்டி மறித்தார். மருந்து முடிந்துவிட்டதாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கொரோனாவுக்காகச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு என்று சட்டம் வந்ததே அந்த மாதக் கடைசியில்தான்.
பிறகொரு நாள் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆள் ஒருவர், "கறுப்புச் சனம் ஊசி போடாது" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மருந்துக்கடை:
அலபாமா, பர்மிங்ஹாம். எழுபது வயதிருக்கும் கறுப்பினப் பெரியவர். "நீ போட்டுக்கொண்டாயா? காட்டு." சட்டைக் கையைச் சுருட்டினேன். பிளாஸ்டரை விட்டுவிட்டு, மேலே இருந்த பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைத் தொட்டு, "இது என்ன?" என்றார். குழந்தையாக இருந்தபோது ஊரில் போட்டது என்றேன். "உங்களையும் விடவில்லையா" என்று சிரித்தார். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். எனக்கு அன்று லீவு. வந்தாரா, தெரியவில்லை. இதே அலபாமாவின் டஸ்கீகீயில் கறுப்பினத்தவருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க் கிருமியை ஊசியில் ஏற்றிய அரசாங்கம், அவர் எப்படி நம்புவார்?

பழைய நர்ஸ்:
மேலே உள்ளவருக்கு: ஏற்றவில்லை! எல்லோரும் இதைத் தப்பாகவே சொல்கிறீர்கள். அது ஓர் அரசாங்க ஆய்வு. நோய் ஏற்கெனவே இருந்த கறுப்பின ஆண்கள் 399 பேர், இல்லாதவர்கள் 201 பேர். 1932 முதல் 1972 வரை, "கெட்ட ரத்தத்துக்கு" வைத்தியம் என்று பொய் சொல்லி, பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். மருந்தை மறைத்த துரோகம் அது. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல். அந்தப் பெரியவரிடம் இதைத்தான் பேசியிருக்க வேண்டும். அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நோட்டீஸ் அடிப்பதை விடுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் ஏலா ஸ்டான்ஃபோர்டின் குழு 2021 பிப்ரவரியில் முன்பதிவே இல்லாமல் 24 மணி நேரம் விடாமல் கொரோனா ஊசி போட்டது. இரவு வேலைக்காரர்களுக்கு அதுதான் வழி. வேலை நேரம் பாருங்கள், சர்ச்சில் போடுங்கள், முடிவெட்டும் கடையில் பேசுங்கள். என் அனுபவமா? நானும் ஒருவரிடம் கத்தியிருக்கிறேன். அவர் திரும்பி வரவில்லை.

மினியாபொலிஸ்:
2017 தட்டம்மை. மின்னசோட்டா மாநிலத்தில் 75 பேருக்கு வந்தது, பெரும்பாலும் சோமாலிக் குழந்தைகள். எங்கள் மாடியில் இருந்த சோமாலி அம்மாவுக்கு ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று பயம். அந்தக் கதையைக் கிளப்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டதை அச்செடுத்துக்கொண்டு போனேன். தாளை வாங்கி மேசையில் வைத்தார். பையனைக் கூப்பிட்டுப் பத்து வரை எண்ணச் சொன்னார். எண்ணினான், ஏழு என்பதை மட்டும் விட்டுவிட்டு. "இது போய்விடாதே?" என்று கேட்டார். நான் மறுபடியும் தாளைக் காட்டினேன்.